மருந்துத் தாளில் ‘சைனஸ் அழற்சி’ என்று இருந்தால்: இன்ஹேலரின் பக்க விளைவுப் பட்டியலைப் படிக்கும் முறை

பலதுறை மருந்தகத்தில் புதிதாக ஓர் இன்ஹேலர் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் பலமுறை மடித்த மெல்லிய தாள் ஒன்று உள்ளே இருக்கிறது. இல்லாவிட்டால் மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடுகிறோம். வாய் உலர்தல், தொண்டை எரிச்சல், மேல் சுவாசத் தொற்று என்று போகும் பட்டியலின் நடுவே ‘சைனஸ் அழற்சி’ என்றும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மூக்கு அடைத்து, கன்னத்து எலும்பு வலித்தால் பழி உடனே இன்ஹேலர்மேல் விழுகிறது. இன்ஹேலர் அலமாரிக்குள் போய்விடுகிறது.

பெரும்பாலும் இது தவறான முடிவு. அந்தப் பட்டியலில் ஒரு நோயின் பெயர் இருப்பதற்கு, அந்த மருந்தைப் பயன்படுத்திய சிலருக்கு அது வந்தது என்பது மட்டுமே பொருள். மருந்தால்தான் வந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலும் பெரும்பாலும் அதே அட்டவணையில், பக்கத்துப் பத்தியில் இருக்கும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

சைனஸ் அழற்சி என்பது என்ன

முகத்து எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு இணைகளாக உள்ளன. கன்னத்தில் ஓர் இணை, நெற்றியில் ஓர் இணை, மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் தேன்கூடு போன்ற சிற்றறைகளாக ஓர் இணை, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஓர் இணை. எல்லாவற்றின் உள்சுவரிலும் சளிச்சவ்வு உண்டு. அதிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியைத் தள்ளித் தள்ளிச் சிறு வாய்கள் வழியாக மூக்குக்குள் கொண்டுவந்து விடும். கன்ன அறையின் வாய் அடியில் இல்லை, மேல்பக்கத்தில் இருக்கிறது. அதனால் சளி தானாக வடிந்துவிடாது. மயிரிழைகள்தான் அதை மேலே ஏற்ற வேண்டும். சாதாரண ஜலதோஷத்தில் சவ்வு வீங்கி அந்த வாய் அடைத்துக்கொண்டாலே சளி தேங்கிவிடும். சைனஸ் தொல்லை கன்னத்தில் அதிகம் தெரிவதற்கு இதுவே காரணம். மேல் பற்களின் வேர்கள் கன்ன அறையின் அடியை ஒட்டி இருப்பதால் சில சமயம் பல் வலிப்பது போலவும் இருக்கும்.

அறிகுறிகள்: மூக்கடைப்பு, கெட்டியான சளி, குனியும்போது முகத்தில் அழுத்தம், மோப்பம் குறைதல். நான்கு வாரத்துக்குள் தீர்ந்தால் அது திடீர் சைனஸ் அழற்சி. 12 வாரத்தைத் தாண்டினால் நாட்பட்டது. திடீர் வகையில் பெரும்பங்கு வைரஸால் வருவது. பெரியவர்களுக்கு வரும் வைரஸ் ஜலதோஷங்களில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவையே பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுகின்றன. சளி பச்சையாக இருப்பதை மட்டும் வைத்து ஆண்டிபயாடிக் கேட்பதில் பயனில்லை. வைரஸ் தொற்றிலும் சளி பச்சையாகும்.

சிங்கப்பூரில் ‘எனக்குச் சைனஸ் இருக்கு’ என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது சைனஸ் அழற்சி அல்ல, ஒவ்வாமை மூக்கழற்சி. காலையில் தொடர் தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு. ஆண்டு முழுதும் ஈரப்பதமுள்ள ஊரில் மெத்தைக்குள் வாழும் தூசிப்பூச்சிக்குப் பஞ்சமில்லை. புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வெப்பமண்டலத் தூசிப்பூச்சி இங்கே மிகச் சாதாரணம். புகைமூட்டக் காலத்தில் இதோடு காற்றிலுள்ள நுண்துகளும் சேர்ந்துகொள்ளும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். ஆக, இன்ஹேலர் தொடங்கிய மாதத்தில் மூக்கு அடைத்தது என்றால், அந்த இன்ஹேலரே இல்லாவிட்டாலும் அடைத்திருக்க இங்கே காரணங்கள் ஏராளம்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு, அதாவது சிஓபிடிக்கு, நாள்தோறும் ஒருமுறை எடுக்கும் டையோட்ரோப்பியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிவா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. அதன் அமெரிக்க மருந்துத் தாளில் ஓராண்டுச் சோதனைகளின் அட்டவணை இருக்கிறது. 550 பேருக்கு உண்மையான மருந்து. 371 பேருக்கு மருந்தே இல்லாத போலித் தூள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

சைனஸ் அழற்சி மருந்து எடுத்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு வந்தது. போலித் தூள் எடுத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கு வந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்பது பேரில் ஒருவருக்கு என்று தோன்றிப் பயமாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்தின் கணக்கில் வைக்கக்கூடியது அதிகபட்சம் நூற்றுக்கு இரண்டு பேர். அந்த இரண்டும் உறுதியில்லை. இத்தனை பேரைக் கொண்ட சோதனையில் நூற்றுக்கு நான்கு வரையிலான வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடக்கூடும்.

அதே அட்டவணையில் வாய் உலர்தல் என்ற வரியைப் பாருங்கள். மருந்து எடுத்தவர்களில் 16 விழுக்காடு, போலித் தூளில் 3 விழுக்காடு. இந்த இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. காரணமும் தெரிந்ததே: மூச்சுக்குழாயைச் சுருக்கும் நரம்புச் செய்தியை இந்த மருந்து தடுக்கிறது, உமிழ்நீரைச் சுரக்கச் சொல்வதும் அதே வகைச் செய்திதான். மருந்தின் கைவேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இந்த வரியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணைக்குள் ஒரு நோய் நுழைவதற்கே ஒரு விதி உண்டு. இந்த அட்டவணையில் மருந்து எடுத்தவர்களில் குறைந்தது 3 விழுக்காட்டினருக்கு வந்திருக்க வேண்டும். போலித் தூளைவிடக் குறைந்தது ஒரு விழுக்காடு கூடுதலாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அது மருந்தால் வந்தது என்று யாரும் நிரூபித்திருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய மருந்துத் தாளைப் பார்த்தால் குழப்பம் கூடும். அதே ஸ்பிரிவா, அதே சைனஸ் அழற்சி. ஆனால் அங்கே ‘அரிது’ என்ற வகையில் இருக்கிறது. அந்த வகைகளுக்குத் திட்டமான அளவு உண்டு. பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கு மேல் வந்தால் ‘மிகச் சாதாரணம்’. நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவருக்குள் என்றால் ‘சாதாரணம்’. ஆயிரத்தில் ஒருவர் முதல் நூற்றில் ஒருவருக்குள் ‘எப்போதாவது’. பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவருக்குள் ‘அரிது’. அதற்கும் கீழே ‘மிக அரிது’.

நூற்றுக்கு 11 எங்கே, ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு எங்கே! இரண்டு தாளும் பொய் சொல்லவில்லை. எண்ணிய பொருள்தான் வேறு. அமெரிக்க அட்டவணை, காரணம் எதுவானாலும் சோதனைக் காலத்தில் வந்த சைனஸ் அழற்சி அத்தனையையும் எண்ணியது. ஐரோப்பியக் கணக்கு 28 சோதனைகளில் மருந்து எடுத்த 9,647 பேரைச் சேர்த்துப் பார்த்தது. அதில் மருந்துடன் தொடர்புடையது என்று கருதப்பட்டவற்றை மட்டும் எண்ணியது. இணையத்தில் இரண்டு பக்கங்கள் இரண்டு விதமாகச் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். ஒரு தாளில் எண்ணைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது: வந்ததை எல்லாம் எண்ணினார்களா, மருந்தால் வந்ததாகக் கருதியதை எண்ணினார்களா?

மற்ற மருந்துகளில்

செரடைட் என்ற கூட்டு இன்ஹேலரில் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் உண்டு. அதன் ஐரோப்பியத் தாளில் சைனஸ் அழற்சி ‘சாதாரணம்’ என்ற வகையில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிறிய எண். கீழே போய் அடிக்குறிப்பைப் படித்தால், போலி மருந்திலும் சாதாரணமாக வந்தது என்று எழுதியிருக்கும். பலர் கண்ணில் படாமல் போகும் வரி அது.

இதே மருந்தைச் சிஓபிடி நோயாளிகளிடம் மூன்றாண்டுகள் சோதித்து 2007இல் முடிவு வெளியிட்டார்கள். அதில் நிமோனியா, கூட்டு மருந்து எடுத்தவர்களில் 19.6 விழுக்காட்டினருக்கும் போலி மருந்து எடுத்தவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும் வந்தது. சோதனையில் 6,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இது கவனிக்க வேண்டிய இடைவெளி. அதனால்தான் சிஓபிடி உள்ளவர் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கும்போது காய்ச்சல், சளி நிறமாற்றம், மூச்சுத்திணறல் கூடினால் மருத்துவர்கள் நிமோனியாவை நினைத்துப் பார்க்கிறார்கள். சைனஸைப் பற்றிப் பதறிவிட்டு இதைக் கோட்டைவிடுவது பட்டியலைத் தலைகீழாகப் படிப்பது போல.

கடும் ஆஸ்துமாவுக்கு ஊசியாகப் போடும் ஒமலிசுமாப் கதை இன்னும் வேடிக்கை. அதன் தொடக்ககால அமெரிக்கத் தாளில் சைனஸ் அழற்சி 16 விழுக்காடு என்று இருந்தது. ஒப்பிட்ட குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அதே மருந்தை மூக்குச் சதை வளர்ச்சிக்கான சிகிச்சையாக அமெரிக்கா அனுமதித்தது. நாட்பட்ட சைனஸ் அழற்சியோடு சேர்ந்தே வரும் தொல்லை அது.

ஏன் சுவாச மருந்துகளின் பட்டியலில் எல்லாம் சைனஸ் தலைகாட்டுகிறது? ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூக்கழற்சியும் சேர்ந்தே இருப்பது வழக்கம். மூக்கிலிருந்து நுரையீரல் வரை ஒரே சவ்வு, ஒரே வகை அழற்சி. சிஓபிடி உள்ளவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் புகைத்தவர்கள். புகை அந்த மயிரிழைகளை முடக்கிவிடும். இப்படிப்பட்டவர்கள் ஓராண்டுக்குள் சில தடவையாவது சளி பிடித்து நிற்பார்கள். எந்த மருந்தைச் சோதித்தாலும் சைனஸ் கணக்கில் ஏறும்.

மருந்துக்குப் பங்கே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. டையோட்ரோப்பியம் போன்றவை சுரப்புகளைக் குறைப்பவை. சளி கெட்டிப்பட்டால் வடிவது மெதுவாகும் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் வாய் வழியாக உறிஞ்சும் தூள் மூக்குப் பக்கம் போவது சொற்பம். மருந்துக்குப் பங்கு இருந்தாலும் அது சிறியது என்றே மேலேயுள்ள எண்கள் காட்டுகின்றன.

மூக்கை உண்மையாகவே அடைப்பவை

மருந்துப் பையில் வேறென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆக்ஸிமெட்டசோலின் போன்ற மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரேயைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்கும் போதெல்லாம் மூக்கு முன்பைவிட அதிகமாக அடைக்கும். அதைத் தீர்க்க மறுபடி அடிப்பார்கள், மறுபடி அடைக்கும். மூன்று நாள் என்பதை வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே இதில் சேராது. அது தினமும் நெடுநாள் அடிப்பதற்கானது. புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் மூக்கை அடைக்கும். இன்ஹேலர் தொடங்கும் வயதில் இருக்கும் ஆண்கள் பலரிடம் இந்த மாத்திரையும் இருக்கும். யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

மூக்கு அடைத்தால் செய்ய வேண்டியது

இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். டையோட்ரோப்பியம் 24 மணி நேரம் வேலை செய்யும் மருந்து. சில நாள் விட்டால் ஒன்றும் தெரியாதது போல் இருந்து, சளி நெஞ்சில் இறங்கும் நேரத்தில் மூச்சுத்திணறலாக வந்து நிற்கும். ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்ட ஆஸ்துமா நோயாளிக்கும் இதே கதைதான். ‘நிறுத்திப் பார்த்தேன், சைனஸ் சரியாகிவிட்டது, ஆக மருந்துதான் காரணம்’ என்ற கணக்கும் இங்கே செல்லாது. பெரும்பாலான சைனஸ் அழற்சி எதையும் நிறுத்தாமலேயே ஏழு முதல் பத்து நாளில் தணியும்.

பதிலுக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள். இன்ஹேலர் தொடங்கிய தேதி. மூக்குத் தொல்லை தொடங்கிய தேதி. அதற்கு முந்தைய ஆண்டில் இப்படி எத்தனை முறை வந்தது. அந்த வாரம் வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா. ஒரு பக்கமா, இரண்டு பக்கமா. மருத்துவர் முடிவெடுக்க உதவுவது இந்த விவரம்தான். இன்ஹேலருக்கு முன்பே ஆண்டுக்கு மூன்று தடவை வந்துகொண்டிருந்தது என்றால் அப்போதே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்குப் பயன்படும். மருந்துக் கடையில் கிடைக்கும் 240 மில்லி பிழிபுட்டியும் அதற்கான உப்புப் பொட்டலமும் போதும். பொட்டலம் இல்லையென்றால் 240 மில்லி தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததுதான், ஆனால் மூக்குக்குள் விட நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். குடிக்கும் தண்ணீரில் இருந்தால் வயிற்றை ஒன்றும் செய்யாத சில நுண்ணுயிர் மூக்கு வழியே போனால் மூளைவரை எட்டும். கழுவும்போது தலையை முன்னால் சாய்த்து, வாயைத் திறந்து வைத்து மூச்சு விட்டால் காதுக்குள் தண்ணீர் ஏறாது. எரிந்தால் உப்பின் அளவு தவறு. கழுவி முடித்ததும் புட்டியைக் காயவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் மூடி வைத்த புட்டியில் கிருமி வளர நாளாகாது.

வலிக்குப் பாரசிட்டமால். ஆஸ்துமாவோடு மூக்குச் சதை வளர்ச்சியும் உள்ளவர்கள் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகையைத் தாமாக எடுக்கக் கூடாது. சிலருக்கு அது கடும் ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். எல்லோருக்கும் பொருந்தும் இன்னொரு காரணமும் இங்கே உண்டு. காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்தால் அது சைனஸாக இல்லாமல் டெங்கியாக இருக்கலாம். டெங்கியில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும்.

சளி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், குளோர்பெனிரமின் போன்றவை, டையோட்ரோப்பியத்தோடு சேர்ந்தால் வாய் இன்னும் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் அடைக்கும். சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை இரத்த அழுத்தத்தைக் கூட்டும். கடையில் கேட்கும்போதே இன்ஹேலரின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலர் பயன்படுத்தும் முறையில் தவறு இருந்தாலும் தொண்டையிலும் வாயிலும் மருந்து தங்கித் தொல்லை தரும். ஸ்பிரிவா கேப்சூலை விழுங்கக் கூடாது. பயன்படுத்தும் நேரத்தில்தான் படலத்தை உரிக்க வேண்டும். முன்கூட்டி உரித்தால் ஈரம் பட்டுத் தூள் ஒட்டிக்கொள்ளும். கேப்சூலைக் கருவிக்குள் வைத்து, பொத்தானை ஒருமுறை அழுத்தி, முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டு, பிறகு வாயில் வைத்து மெதுவாக ஆழ்ந்து இழுக்க வேண்டும். கேப்சூல் அதிரும் ஒலி கேட்கும். கேட்காவிட்டால் மருந்து போகவில்லை. அதே கேப்சூலிலிருந்து இரண்டாவது முறையும் இழுக்க வேண்டும். பலர் ஒருமுறையோடு நிறுத்திவிடுகிறார்கள். கருவியை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் அலசி, சோப்பு போடாமல், ஒரு நாள் முழுதும் காயவிட வேண்டும். அன்றைய மருந்தை எடுத்த உடனே அலசினால் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலராக இருந்தால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புவது வாயில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

ஒன்றை மட்டும் சைனஸ் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். டையோட்ரோப்பியத் தூள் கண்ணில் பட்டால், அதற்கு இடம்கொடுக்கும் கண் அமைப்பு உள்ளவர்களுக்குக் கண்ணழுத்தம் திடீரென ஏறும். கண்ணைச் சுற்றி வலி, தலைவலி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், கண் சிவத்தல். கண்ணைச் சுற்றிய வலி என்பதால் சைனஸ் போலவே தோன்றும். இது பார்வையைப் பறிக்கக்கூடியது. அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கண்ணிமை வீங்குதல், இரட்டையாகத் தெரிதல், நெற்றியில் வீக்கம், கழுத்து விறைப்பு, குழப்பம் ஆகியவையும் அப்படியே. மூச்சுவிட முடியாத நிலை என்றால் 995.

அவசரமில்லாத போதும் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: பத்து நாளாகியும் குறையாத தொல்லை, மூன்று நான்கு நாள் தொடர்ந்து 39 பாகைக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும், குறைந்துவந்து மறுபடி ஏறும் தொல்லை. இந்த மூன்றில்தான் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும், ஆண்டிபயாடிக் பற்றிய பேச்சும் அங்கேதான் பொருந்தும். ஒரே பக்கத்தில் மட்டும் நாட்கணக்கில் அடைப்பும் இரத்தக் கசிவும் இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணர் உள்ளே பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மருந்துதான் காரணம் என்று தோன்றினால் சொல்லாமல் இருக்க வேண்டாம். சிங்கப்பூரில் மருந்துகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பது சுகாதார அறிவியல் ஆணையம். சந்தேகப்படும் பக்க விளைவை மருத்துவர்களும் மருந்தாளர்களும் அதற்குத் தெரிவிக்க ஏற்பாடு உண்டு. நிரூபணம் தேவையில்லை, சந்தேகம் போதும். பல இடங்களிலிருந்து வரும் அறிக்கைகளைச் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் வேலை. நீங்கள் மருந்தாளரிடம் போகும்போது இன்ஹேலரைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கும். குறித்து வைத்த தேதித் தாளையும், வீட்டில் எடுக்கும் மற்ற மாத்திரைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்தே காட்டுங்கள்.